பன்னிரண்டு சாட்சிகள்

கவியரசனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

முந்நூறு இலக்க எண் ஒன்று பகா எண்தானா என்று நொடியில் சொல்லும் நிரலை எழுதியவள் நான். வைட்ஃபீல்டு அலுவலகத்தில் என் டீம் லீடான அவன், அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு காப்புரிமைக்கும் விண்ணப்பம் தயார் செய்துவிட்டான். கேட்டதற்கு, "டீம் வொர்க்தானே ரூபினி, இதுக்குப் போய் மூஞ்சைத் தூக்கிக்கிறியே" என்றான். வயிறு எரிந்தது.

அந்தச் சோதனை சாட்சி விசாரணை மாதிரி. சில சின்ன எண்களைச் சாட்சியாக அழைத்து, பெரிய எண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும். பகா எண்ணுக்கு எல்லாச் சாட்சியும் ஆமாம் போடும். பகா எண்போல நடிக்கும் போலியாக இருந்தால், அழைக்கக்கூடிய எல்லாச் சாட்சிகளிலும் முக்கால்வாசியாவது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் சாட்சிகளைக் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தேன். வேகம் போதவில்லை என்று கவியரசன் அந்த வரியைத் தூக்கிவிட்டு, 2, 3, 5 என்று 37 வரை முதல் பன்னிரண்டு பகா எண்களையே நிரந்தரச் சாட்சிகளாக்கிவிட்டான்.

யார் சாட்சி என்று முன்கூட்டியே தெரிந்தால் கலைப்பதா கஷ்டம்? அந்தப் பன்னிரண்டு பேரையும் ஏமாற்றும் ஒரு போலியை உருவாக்க உட்கார்ந்தேன். ஈஜிபுராவிலிருந்து கிளம்பும் அலுவலக கேப், மாரத்தஹள்ளி பாலத்தருகே நெரிசலில் நின்ற நேரமெல்லாம் அதே வேலைதான். மூன்று மாதத்தில், பெருக்கினால் பன்னிரண்டு சாட்சிகளும் ஏமாறும்படியான இரண்டு பகா எண்கள் கிடைத்தன. இரண்டையும் பெருக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

விண்ணப்பம் போவதற்கு முந்தைய கடைசிக் கூட்டம். இயக்குநர் ஜூடித் மேடம் முன்வரிசையில் இருந்தார். கவியரசன் வழக்கம்போல, "யார் வேணா எவ்ளோ பெரிய நம்பர் வேணா குடுங்க" என்று சவால் விட்டான். பெருக்கி வைத்திருந்ததைக் கொடுத்தேன்.

திரையில் பச்சை எழுத்தில் வந்தது: பகா எண். கைதட்டினார்கள். தட்டி முடிக்கட்டும் என்று பொறுத்திருந்தேன்.

"மேடம், இதால வகுத்துப் பாருங்க" என்று என் இரண்டு பகா எண்களில் ஒன்றை அனுப்பினேன்.

வகுத்தார்கள். மீதி பூஜ்யம்.

"இவ்ளோ பெருசை உடைக்க வருஷக்கணக்கா ஆகுமே! எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றார் ஜூடித்.

"உடைக்கல மேடம். நான்தான் பெருக்கினேன்."

பிறகு மடிக்கணினியைத் திறந்து என் பழைய நிரலை ஓட்டினேன். அதே எண்ணை, குலுக்கி எடுத்த முதல் சாட்சியே போலி என்று காட்டிக்கொடுத்தது. "இதை எழுதுனது யாரு?" என்று கேட்டு, ஜூடித் விண்ணப்பத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வராந்தாவில் கவியரசன் ஓடிவந்து மறித்தான். முகம் வெளிறியிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"ஓட்டை இருக்குன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ரூபினி?"

"எழுதியே வச்சிருந்தேன் கவி. 'சாட்சியை மாத்தாம ஓட்டினா ஏமாந்துடுவோம்'னு, நிரல்ல குலுக்கிப் போடுற அந்த வரிக்கு மேலயே. அந்தக் குறிப்புக்குக் கீழ என் பேர் இருந்துச்சு. பேரை அழிக்கிற அவசரத்துல நீங்க அதைப் படிக்கல."