பாதி முடிச்சு

அந்த மோட்டார் காருக்கு ஒரு பக்கம் இடுப்பு இறங்கியிருந்தது. திண்டிவனத்தில் வீரமுத்துவின் வீட்டு வாசலில், பின்பக்கம் இடது புறமாகச் சாய்ந்தபடி மாதக்கணக்கில் நின்றது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த கோதண்டபாணியின் கார் அது, ஓட்டுவது வீரமுத்து. உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்கு முடை ஏற்பட்டதும் அவர் மாட்டு வண்டிக்கு மாறிவிட்டார். "ரிப்பேர் பண்ணிக்கினா ஒரு தபா எடுத்துக்கினு போய் வா" என்று சொல்லி, இருந்த பெட்ரோலையும் கொடுத்தது அவருடைய பெரிய மனசு.

வீரமுத்துவின் மனைவி அஞ்சம்மாள் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு கண்ணைச் சின்ன வயதிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் தலை குலுங்கக் கூடாது, அழக் கூடாது, புண் பிரிந்தால் கண் போச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயிலிலோ பட்டாளத்துக் கூட்டம். ஜனங்கள் ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மாட்டு வண்டி நல்ல கண்ணையே கழற்றிப் போட்டுவிடும். ஆக, இந்த நொண்டிக் கார்தான் கதி.

முதலில் மூலைக்கு மூலை கையை ஊன்றி அழுத்திப் பார்த்தான். மற்ற மூலைகள் இறங்கி, எழுந்து, அடங்கின. பின்பக்க இடது மூலை மட்டும் 'டொக்'கென்றது. சந்தேகம் தீரவில்லை. பக்கத்து வீட்டு சவுரியம்மாளைக் கூப்பிட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த குடத்தை மடியில் கொடுத்து, பின் சீட்டில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றினான். ஏரியிலிருந்து தலையில் குடத்தோடு கைவீசி நடந்து வருகிறவள் அவள், சொட்டுக்கூடச் சிந்தமாட்டாள். இறங்கும்போது இடது பக்கப் புடவை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னியக் குளிப்பாட்டவா கூப்ட்ட?"

"எந்தப் பக்கம் நனைஞ்சிதுன்னு பாருக்கா. சீக்கு அங்கதான் கீது."

ஜாக்கி போட்டுத் தூக்கி, கல்லை முட்டுக் கொடுத்து, அந்தப் பக்கத்து ஸ்பிரிங் வில்லைக் கழற்றினான். பட்டை பட்டையாகப் பிரித்து மண்ணில் பரப்பினான். இத்தனை வருஷம் ஓட்டியவன் அதை இப்படிப் பார்ப்பது அன்றுதான். பெரிய பட்டைக்கு அடியில் கொஞ்சம் சின்னது, அதற்கு அடியில் அதைவிடச் சின்னது என்று ஒன்றுக்கொன்று முதுகு கொடுத்திருந்தன. விரல் தடிமன்கூட இல்லாத இரும்பு. மண்டிக்காரரையும் அவர் குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் இதுதான் வளைந்து வளைந்து தாங்கியிருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியாமல். வீரமுத்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். சவுரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது பட்டையின் குறுக்கே செந்துருவாக ஒரு கோடு ஓடியது. தட்டியதும் அது இரண்டு துண்டாக விழுந்தது. சண்டைக் காலத்தில் புதுப் பட்டைக்கு எங்கே போக?

வீட்டில் ஒரு தென்னை நார்க் கயிறு சுருண்டு கிடந்தது. அஞ்சம்மாளின் அப்பா மரக்காணத்துப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து கடலுக்குப் போனவர். புயலில் அவர் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் கட்டு அவிழாமல் கரை ஒதுங்கியது. அந்த மரத்துக் கயிறு இது. வீரமுத்துவும் அந்தக் குப்பத்தில் பிறந்தவன்தான். உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து, வைரம் பாய்ந்த பனங்கட்டையை அணை கொடுத்து, கயிற்றை ஊறவைத்து, மரத்தோடு மரத்தைப் பிணைப்பதுபோல வரிந்து கட்டினான். வில்லைப் பழையபடி மாட்டி அழுத்திப் பார்த்தால், 'டொக்' இல்லை!

மறுநாள் சவுரியம்மாளையும் குடிக்கத் தண்ணீரோடு குடத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். சித்திரை வெயில் சுட்டுப் பொசுக்கியது. விக்கிரவாண்டி தாண்டியதும் 'டொக்'. அடியில் புகுந்து பார்த்தான். கயிறு தளர்ந்து தொங்கியது.

"இன்னாக்கா இது பேஜாரு! எங்க மாமா இதே மாதிரிதான் கட்டுவாரு. புயல்லயே அவுறல. அம்மாம் பெரிய கடல்ல நின்னுச்சு..."

சொன்ன வாயோடு அவனுக்கு உறைத்தது. கரையில் இழுத்துப் போட்ட மரத்தில் கயிறு தளர்ந்துதான் கிடக்கும். தண்ணீரில் இறக்கியதும் ஊறிப் பருத்து இறுகிக்கொள்ளும். மனுஷன் போட்டது பாதி முடிச்சு. மீதியைக் கடல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இழுத்துக் கட்டி, குடத்துத் தண்ணீரை ஊற்றினான். கட்டு இறுகியது.

திரும்பும்போது அஞ்சம்மாள் கண்ணில் கட்டோடு சவுரியம்மாளின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். முண்டியம்பாக்கத்தில் குடம் காலி. ரோட்டோரக் கிணற்றடியில் நின்ற பெண்களிடம் வீரமுத்து தண்ணீர் கேட்டு, வாங்கிக் காருக்கு அடியில் ஊற்றினான்.

"இன்னாயா இது, வேண்டுதலா?"

"ஆமா தாயி, ஒரு கண்ணுக்கு வேண்டுதல்" என்றாள் சவுரியம்மாள், உள்ளேயிருந்து.

ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அஞ்சம்மாளின் கண்ணில் இருந்த கட்டைக் கண்டதும் தன் குடத்தோடு வந்து அவளே குனிந்து ஊற்றினாள். அடுத்தடுத்த ஊர்களிலும் அப்படித்தான். எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுத் தண்ணீர் கொடுக்கிற ஊர்கள் அவை. அன்றைக்கு ஒருவரும் விசாரிக்கவில்லை.

"ந்தா, எங்கியோ கட்டுமரம் வாசன வருதே" என்றாள் அஞ்சம்மாள்.

சொன்னால் அழுதுவிடுவாள். "ஏரிக் காத்து. பேசாம படு" என்றான் வீரமுத்து. கார் கடைசிவரை 'டொக்'கென்று சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, தடிமனான கண்ணாடி போட்டு வந்த அன்று, அஞ்சம்மாள் தானே நடந்து காரிடம் போனாள். சவுரியம்மாள் சும்மா இருப்பாளா, எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். கார் பழையபடி இடுப்பு இறங்கி நின்றது. அடியில் கயிறு காய்ந்து துவண்டு கிடந்தது.

"இத நம்பியா என்ன இட்டாந்த?"

"தண்ணி ஊத்திப் பாரு."

ஒரு சொம்பு ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சொம்பு. கொஞ்ச நேரத்தில் நார் ஊறிப் பருத்தது. ஒரு சுற்று அடுத்த சுற்றை நெருக்கியது. 'கிறுக்'கென்று மெல்ல ஒரு சத்தம் வந்தது.

"எங்கப்பா கயிறு" என்றாள்.

"ஆமா."

அழக் கூடாது என்ற தடை அன்றோடு நீங்கியிருந்தது. அவள் அழுதாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கயிறு இறுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.