பேசாத நேரம்

லிகாயா துடைப்பத்தை எடுத்ததுதான் தாமதம், துக்க வீட்டு வழக்கப்படி சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கண்விழித்துச் சீட்டாடிக்கொண்டிருந்த கார்டிங் மாமா சத்தம் போட்டார்.

"கீழ போடுடி அதை! பெட்டி வீட்டை விட்டுப் போற வரைக்கும் பெருக்கக் கூடாது. இன்ஜினீயருக்குப் படிச்சா இதெல்லாம் மறந்து போயிடுமா?"

"தரை பூரா பிஸ்கட் தூள், மாமா. அப்பா பார்த்தா திட்டுவார்."

"உங்கப்பன் இப்பத்தான் யாரையும் திட்டாம படுத்திருக்கான். கெடுக்காதே."

சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். லிகாயாவுக்கும் சிரிப்பு வந்தது. நல்ல நாளுக்குப் போடும் வெள்ளை பாரோங் சட்டையோடு அப்பா அன்செல்மோ கண்ணாடிக்குக் கீழே கிடந்தார். மதியம் பாதிரியார் வருவார். அப்புறம் கல்லறை. வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்தாயிற்று, ஒருத்தியைத் தவிர.

அப்பாவின் தங்கை ரெமி, சிபுயான் தீவில் இருந்தாள். புயல் எச்சரிக்கையால் கப்பலை நிறுத்திவிட்டார்கள். கைப்பேசிக் கோபுரமும் காற்றில் சாய்ந்துவிட்டது. அவள் வீட்டில் மிச்சமிருந்தது பழைய கம்பித் தொலைபேசி ஒன்றுதான்.

அந்தத் தொலைபேசியை அண்ணனும் தங்கையும் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். சாயங்காலமானால் ஓர் அழைப்பு. லிகாயா தொலைபேசிக் கம்பெனியில் இருந்ததால் அதற்குக் கட்டணம் கிடையாது. ரிசீவரை மேஜைமேல் கிடத்திவிட்டு அப்பா கூடைப்பந்து ஆட்டம் பார்ப்பார். அங்கே அத்தை மீன் பொரிப்பாள், துணி மடிப்பாள், அவள் சேவல் கூவும்; எல்லாம் இங்கே கேட்கும். எப்போதாவது அவர், "இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்பாள். பேச்சு அவ்வளவுதான். மனைவி போன பிறகு அப்பா அப்படித்தான் நாட்களை ஓட்டினார்.

பழைய லைனில் அது நடந்தது. அதில் இருவர் பேசினாலும் பேசாவிட்டாலும் அவர்களுக்கென்று ஒரு தடம் முழுசாகத் திறந்தே இருக்கும். போன வருஷம் லிகாயாவின் குழு தீவு லைன்களையெல்லாம் புது வலையமைப்புக்கு மாற்றியது. புதியதில் குரலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக நறுக்கி, ஊராரின் படம், பாட்டு எல்லாவற்றோடும் சேர்த்து அனுப்புவார்கள். பேச்சில்லாத நேரத்துக்குப் பொட்டலம் எதற்கு? இடம் மிச்சம் என்று லிகாயாவே அதை நிறுத்தி வைத்தாள். மெல்லிய சத்தங்களைக்கூட இயந்திரம் மௌனம் என்று தள்ளிவிடும். லைன் செத்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, கேட்பவரின் காதருகே அதுவே பொய்யாக ஓர் இரைச்சலை உண்டாக்கும். அந்த வேலைக்காக லிகாயாவுக்குப் பாராட்டு கிடைத்தது.

"இது ரெமி வீடு இல்ல" என்றார் அப்பா, லைனை மாற்றிய அன்று சாயங்காலமே. "இதுல சேவல் இல்ல."

"பேசுங்கப்பா. பேசினா கேக்கும்."

"பேசறதுக்கு என்னடி இருக்கு?"

சில நாள் முயன்று பார்த்தார். பிறகு அழைப்பதையே விட்டுவிட்டார். லிகாயாவுக்கு இப்போது அதை நினைக்கத் தாங்கவில்லை.

தொலைபேசி மணி அடித்தது. அத்தைதான்.

"லிகாயா, கண்ணு. என்னைக் கொண்டு போய் அண்ணன் பக்கத்துல வெய்யி. நீ ஒண்ணும் பேச வேணாம்."

லிகாயா ஒரு நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் ரிசீவரை வைத்தாள். அதிலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. சற்றுப் பொறுத்து எடுத்துக் காதில் வைத்தாள்.

"அத்தை, இருக்கீங்களா?"

"இருக்கேன். கார்டிங் சிரிப்பு மட்டும் துண்டு துண்டா வருது. மத்தபடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அண்ணன் இருக்கற வீடு மாதிரியே இல்லடி." அத்தையின் குரல் உடைந்தது. "முகத்தையும் பார்க்க முடியல, இதுவும் இல்லையா எனக்கு?"

"வெச்சிடுங்க அத்தை. நான் திரும்பக் கூப்பிடறேன்."

"திரும்ப வருமா?"

"வரும்."

கைப்பேசியில் அலுவலகத்து ஜெரிக்கைப் பிடித்தாள். அத்தையின் லைனைப் பழைய மாதிரி, பேச்சு, மௌனம் எல்லாவற்றையும் விடாமல் பொட்டலமாக்கிச் சுமந்து வரும்படி மாற்றச் சொன்னாள்.

"அக்கா, புயல்ல தீவு வழி ஏற்கெனவே குறுகிக் கெடக்கு. ஒருத்தருக்கு முழுசா இடம் ஒதுக்கணும்னா எங்கேருந்து எடுக்கறது? ஆஸ்பத்திரி லைன்லயா?"

"அதைத் தொடாதே. நம்ம கண்காணிப்புக்கு வெச்சிருக்கோமே, அந்த இடத்தை எடு."

"அதை எடுத்தா தீவுல என்ன நடக்குதுன்னே தெரியாது. நான் குருடன் மாதிரி உக்காந்திருக்கணும்."

"உக்காரு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

"உங்கப்பா எனக்கு எத்தனை தடவை சோறு போட்டிருக்கார்" என்றபடி ஜெரிக் தட்டச்சத் தொடங்கினான்.

மறுபடி அழைத்தபோது லைனில் டிக், டிக் என்று வெட்டு விழுந்தது. லிகாயா கைப்பேசியில் ஜெரிக்கிடம் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் தன் தன் கடிகாரத்துல ஓடுது அக்கா" என்றான் ஜெரிக். "தீவு நம்மகிட்டேருந்து நேரம் எடுத்துக்கணும். சொல்லியாச்சு. பொறுங்க, பிடிச்சுக்கும்."

வெட்டுகள் தள்ளித் தள்ளி விழுந்து, நின்றுபோயின. லிகாயா ரிசீவரை மறுபடி நாற்காலியில் வைத்தாள். அதில் அத்தை வீட்டுத் தகரக் கூரைமேல் மழை. ஒழுகும் தண்ணீர் ஏதோ பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு தொண்டை கட்டிய சேவல் ஒன்று கூவியது.

கார்டிங் மாமா சீட்டைக் கீழே வைத்தார். "ரெமி வீட்டுச் சேவலா அது? இன்னும் குழம்புல போகலையா?"

"உன்னைவிட அதுக்கு ஆயுசு கெட்டி" என்றது ரிசீவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அத்தை பேசவே இல்லை. லிகாயா நாற்காலிக்கு அருகில் தரையில் உட்கார்ந்து, அங்கே மழை பெய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இதற்காகத்தான் அத்தனை சாயங்காலங்கள் காத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பாதிரியார் வந்தார். பிரார்த்தனை முடிந்தது. செத்தவர் கனவில் வந்து பயமுறுத்தாமலிருக்க, குழந்தைகளை ஒவ்வொருவராகப் பெட்டிக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஆண்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது? லிகாயா ரிசீவரைக் கையில் எடுத்தாள். பெட்டி உயர்ந்தது. மரத்தரை முனகியது. பாதங்கள் வாசலை நோக்கி மெல்ல நகர்ந்தன. கம்பி எட்டும் வரை ரிசீவரை நீட்டிப் பிடித்தபடி அவளும் பின்னால் போனாள். வாசற்படியில் கம்பி நின்றுவிட்டது.

காதில் வைத்தாள். அங்கே மழைக்கு நடுவே ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அத்தை எழுந்து நின்றாள்.