தனுஜா சேர்த்த மழை

ஹட்டன் வாசிப்பு வட்டத்தில் மழை என்றால் தனுஜா, தனுஜா என்றால் மழை. பஜாரில் அப்பாவின் புடவைக்கடைக்கு மேலேதான் வீடு. ஜன்னலைத் திறந்தால் போதும், கதை வந்துவிடும். இதுவரை எழுதியது பதினெட்டுக் கதை, பதினெட்டிலும் மழை. காதலர்கள் பிரிந்தால் மழை, சேர்ந்தால் மழை, யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டால் ஒரு தூறலாவது உண்டு. "உங்க கதைய வாசிச்சா குடை தேடணும் போல இருக்குங்க" என்று அச்சகக்காரர் சண்முகராஜா எப்போதோ சொல்லிவைத்தார். அதை அவள் நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சண்முகராஜா இந்த வருஷம் வட்டத்துக்கென்று ஒரு இதழ் அச்சடிக்கப்போகிறார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு கதை. நிபந்தனையும் ஒன்றுதான். "கதையில மழையோ வெயிலோ காத்தோ ஒன்னு இருக்கணும். அத நான் உருவிப் பார்ப்பேன். உருவினதும் கதை விழணும். விழாம நின்னுச்சுன்னா அது வெறும் ஜோடனை." தனுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் மழை எழுத அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கௌசி இருந்தாள். கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மாதத்தின் கடைசி ஞாயிறு இரண்டு பஸ் மாறி வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவாள். அவளுடைய போனில் தமிழ் அடிக்க வரவில்லையாம். மகளின் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிய ஏழு பக்கத்தைப் படம் பிடித்து தனுஜாவுக்கு அனுப்பி, "கொஞ்சம் டைப் பண்ணித் தர்றீங்களாக்கா?" என்று கேட்டாள்.

பாவம், முதல் கதை, எழுத்துப்பிழை திருத்திக் கொடுப்போம் என்றுதான் தனுஜா உட்கார்ந்தாள். மூன்றாம் பக்கத்தில் அவளுடைய டீ ஆறிப்போனது.

கதையில் ஒரு பெண் புருஷனோடு சண்டை போட்டு, அவனை விட்டுவிட்டு விடியலில் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கிளம்புகிறாள். தை மாதம். புல்லெல்லாம் உறைபனி. அவள் மிதித்த இடமெல்லாம் கறுப்பாகக் காலடி விழுகிறது. வெயில் ஏறுவதற்குள் யார் எழுந்தாலும் அவள் போன வழி தெரியும், ஏறிவிட்டால் தெரியாது. புருஷன் எழுந்து அந்த அடியைப் பிடித்துக்கொண்டே பஸ் ரோடு வரை போகிறான். அங்கிருந்து இன்னொரு வரிசை அடி வீட்டின் பின்வாசலுக்குத் திரும்பியிருக்கிறது. 'போன அடியும் இருந்துச்சு, வந்த அடியும் இருந்துச்சு. அவன் ஒன்னும் கேக்கல. அடுப்ப மூட்டுனான்.'

தனுஜாவுக்கு வயிறு எரிந்தது. மிகையில்லை, நிஜமாகவே எரிந்தது. பதினெட்டுக் கதையில் தன் மழை ஒருநாளாவது ஒருத்தியைக் காட்டிக்கொடுத்ததா? ஒருத்தியைத் திருப்பி அனுப்பியதா? சும்மா பெய்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு கூடை கொழுந்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இது எங்கிருந்து வந்தது? இத்தனை புத்தகம் படித்த எனக்கு ஏன் வரவில்லை?

மறுநாள் கௌசியைக் கூப்பிட்டாள். "கதை நல்லா இருக்கு. ஆனா அந்தப் பனி எல்லாம் இழுவையா இருக்கு கௌசி. வெட்டிரு. சண்டையோட நிறுத்து."

"நெசமாவாக்கா?" கௌசி கொஞ்சம் யோசித்தாள். "நீங்க சொன்னா சரிதான்."

அப்படி வெட்டியதை வீணாக்குவானேன் என்று தனுஜா நினைத்துக்கொண்டாள். அவளிடமும் ஒருத்தி வீட்டை விட்டுப் போகிற கதை பாதியில் கிடந்தது. அதில் உறைபனியை இறக்கினாள், அடிகளையும் இறக்கினாள். மழையில்லாமல் கை சும்மா இருக்குமா? முன்னால் மூன்று வரி சேர்த்தாள்: இரவெல்லாம் வானம் அழுதது, அந்தக் கண்ணீர்தான் விடியலில் வெண்பனியாய் உறைந்தது என்று. படித்துப் பார்த்தாள். தன் கதையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் கூடும் மாடி அறைக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முதலில் கௌசி வாசித்தாள். சண்டையோடு கதை நின்றுவிட்டது. சண்முகராஜா கண்ணாடியைக் கழற்றினார்.

"காலநிலையே இல்லையேம்மா?"

"பனி இருந்துச்சுங்க. நான்தான் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"தேவையில்லன்னு தோணுச்சுங்க."

அவள் தனுஜாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்போதாவது தனுஜா தாளை மடித்துப் பையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. முதல் பக்கம் கண்ணுக்கு நேரே நின்றது. எழுந்து, குரலைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள். முடித்ததும் கைதட்டினார்கள். கௌசி கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"இதான் கதை! பனிய உருவுங்க பாப்போம், ஒன்னும் நிக்காது" என்றார் சண்முகராஜா. "முதல் பக்கம் இதுக்குத்தான். யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?"

பின்வரிசையில் கௌசி எழுந்தாள்.

"ஒன்னே ஒன்னுங்க. ராத்திரி முழுக்க மழ பேஞ்சா காலைல அப்படிப் பனி உறையாது. மேகம் இருந்தாலே உறையாதுங்க. வானம் தொடச்சுவிட்ட மாதிரி இருக்கணும், காத்து அசையக் கூடாது. நட்சத்திரம் கொள்ளையாத் தெரிஞ்சாத்தான், நாளைக்குக் கொழுந்து கருகிரும்னு நாங்க பேசிக்குவோம்."

நுவரெலியாப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தனுஜாவின் காது சூடானது.

"அப்ப ரெண்டுல ஒன்னு போகணும்" என்றார் சண்முகராஜா. "எத எடுக்கலாம்?"

"மழைய எடுத்துருங்க" என்றாள் கௌசி. "மழைய எடுத்தா கதைக்கு ஒன்னும் ஆகாது."

சண்முகராஜா பேனாவை நீட்டினார். தனுஜா அந்த மூன்று வரியையும் அடித்தாள். அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தாள். கதை ஒரு இம்மிகூட அசையாமல் நின்றது. நிற்கவைத்ததில் ஒரு வரிகூட அவளுடையது இல்லை. இப்போது சொல்லாமல் விட்டால், இந்தத் தாளை அச்சடித்து, ஊரெல்லாம் பனியைப் பற்றிப் பேசி, அதைக் கேட்டுக் கேட்டு வாழ்நாளெல்லாம் வெந்து சாக வேண்டியதுதான்.

"பனி என்னுது இல்ல" என்றாள். "கௌசியோடது. நான்தான் வெட்டச் சொன்னேன். வெட்டச் சொல்லிட்டு எடுத்துக்கிட்டேன்."

கீழே ரோட்டில் நுவரெலியா பஸ்காரன் ஆள் கூப்பிடுவது கேட்டது. கௌசி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனுஜாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாசிக்கிறப்பவே தெரிஞ்சுருச்சுக்கா. எடுத்துக்கிட்டது கூடப் போகட்டும். மழைய ஊத்திக் கெடுத்துட்டீங்களே."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். தனுஜா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கம் உயிரைப் பிடுங்கியது. அதற்கு நடுவிலும் அந்தப் பாழாய்ப்போன மனசு கௌசி சொன்ன அந்தக் கடைசி வரியை ஒருமுறை சொல்லிப் பார்த்தது. இதுவும் எனக்கு வராது என்று அதற்கும் வயிறு எரிந்தது.