திங்கட்கிழமை கிளினிக்

ஜெயந்தினி ஈரத்துவாயால் அப்பாவின் முதுகை ஒற்றிக்கொண்டிருந்தாள். தேய்த்தால் தோல் கிழிந்துவிடும். உடம்பெல்லாம் மஞ்சள் பாய்ந்து, சொறிந்த தடங்கள் கறுத்துக் கிடந்தன. நேற்றிலிருந்து காய்ச்சல் இறங்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் மேல, புள்ள,” என்றார் அழகுமுத்து.

முதலில் காமாலை என்றுதான் நினைத்தார்கள். ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். மாத்தளையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது: ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவியிருந்ததால் வெட்டி எடுக்க வழியில்லை. கண்டியில் அடைப்பைத் திறந்து சின்னதாக ஒரு குழாய் வைத்தார்கள். இரண்டு மாதம் கண்ணில் மஞ்சள் தெளிந்து, சோறு சாப்பிட்டார். பிறகு அதுவும் அடைத்துக்கொண்டது.

போன வாரம் டாக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். இனிக் குழாய் மாற்ற உடம்பு தாங்காது. வீட்டில் வைத்து வலிக்கு மருந்து கொடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு அவ்வளவு சிங்களம் புரியாது. முப்பது வருடம் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டிய அப்பாவுக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

“என்னங்க சொல்றாரு?” என்றாள் சரோஜாதேவி.

“திங்கக்கெழம வரட்டுமாம். குழாய மாத்துனா சரியாப் போயிருமாம்.”

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். ஜெயந்தினி தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அம்மா நாள் எண்ணினாள். இன்று வெள்ளிக்கிழமை. குசினியில் கஞ்சி கொதிக்கும் சத்தம் கேட்டது.

“அம்மாகிட்ட சொல்லிறவாப்பா?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “சொன்னா அவ என்னா செய்வா?”

ஜெயந்தினி துவாயைப் பிழிந்து வைத்தாள். கொடுக்க வேண்டிய மருந்தைக் காலையிலேயே கொடுத்துவிட்டாள். பதினொரு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்; வேறு செய்ய ஒன்றுமில்லை. அம்மா கஞ்சியோடு வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

சரோஜாதேவி கோப்பையைத் தரையில் வைத்தாள். முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.

“மூணே மூணு நாளு,” என்றாள். “தாங்கலயே.”

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிரு புள்ள. திங்கக்கெழம நாங்க வரலன்னு சொல்லு. அந்த எடத்த வேற யாருக்காவது குடுக்கட்டும்.”

ஜெயந்தினி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அம்மா உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த எண்ணையும் அழுத்தாமல் போனைக் காதில் வைத்து, சிங்களத்தில் மெதுவாகப் பேசத் தொடங்கினாள்.