பதினாலாவது தட்டு

எங்கள் கப்பலில் பதிமூன்று என்ற எண்ணே கிடையாது. அறைக் கதவுகளில் பன்னிரண்டுக்கு அடுத்து பதினாலு என்று எழுதியிருக்கும். அந்தப் பதினாலில் படுத்தவன் நான். பெயிண்டை மாற்றி அடித்தால் கடல் ஏமாந்துபோகுமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, சமையல்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விசில் அடித்தால் புயல் வரும், இடது காலை வைத்து ஏறினவன் திரும்பமாட்டான், வெள்ளிக்கிழமை கயிறு அவிழ்க்கக் கூடாது. இதையெல்லாம் நம்பாதவன்கூட மீறமாட்டான். நானும் நம்பியதில்லை, மீறியதும் இல்லை.

ஆள் கணக்குதான் பெரிய தலைவலி. கப்பலில் நாங்கள் பதிமூன்று பேர். இன்னொரு ஆளைப் போட முதலாளிக்கு மனசு வராது. பதிமூன்று பேராகக் கிளம்ப எங்கள் ஆட்களுக்கு உயிர் போகும். அதனால் ஒரு பூனையைச் சேர்த்துக்கொண்டார்கள். சாம்பல் நிறம், கிழிந்த காது, யாரையும் மதிக்காத நடை. பெயர் பதினாலு. புறப்படும் நாள் காலையில் சமையல்காரர் தட்டுகளை வைத்து உரக்க எண்ணுவார். கடைசித் தட்டு தரையில், பூனைக்கு. அது வந்து வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். வராவிட்டால் ஒரு ஆள் இறங்கிவிட வேண்டும், மிச்சப் பன்னிரண்டு பேர் முக்கி முனகி ஓட்டிக்கொள்வார்கள். யார் இறங்குவது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. கடைசியாகச் சேர்ந்தவன்தான்.

கடைசியாகச் சேர்ந்தவன் நான். சேர்ந்து சில வருஷமாகிவிட்டது, எனக்குப் பிறகு யாரையும் எடுக்கவில்லை. சேர்த்துவிட்டவர் என் அக்கா புருஷன். மாமா அதே கப்பலில் பல வருஷமாகக் கயிறு இழுக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது, அதை நான் மறந்ததே இல்லை.

எங்கள் செராங்கு, அதாவது மேல்தளத்தில் வேலை செய்பவர்களுக்கெல்லாம் தலைவர், இந்தப் பயணத்தோடு ஓய்வு பெறுகிறார். எழுத்து, கணக்கு தெரிந்தவன் என்பதால் அடுத்த செராங்கு நான்தான் என்று கேப்டன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இந்த ஒரு பயணம் செராங்கு பக்கத்திலேயே நின்று வேலை பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமாவுக்கும் அந்த இடத்தின்மேல் ஒரு கண் உண்டு என்று தெரியும். ஆனால் அவர்தான் முதலில் வந்து முதுகில் தட்டினார்.

"யாருக்கு வந்தா என்னடா? நம்ம குடும்பத்துக்குத்தானே வருது."

அந்த வார்த்தையில் நான் உருகிப்போனேன். முட்டாள்.

புறப்படும் நாள் காலை. சமையல்காரர் எண்ணி முடித்தார். தரையில் வைத்த மீன் துண்டு அப்படியே கிடந்தது. கரண்டியால் தட்டைத் தட்டிப் பார்த்தார். பூனை வரவில்லை. எல்லோரும் தேட ஆரம்பித்தோம். எல்லோரையும்விட அதிகமாகத் தேடியவர் மாமா. கயிற்றுச் சுருளுக்குள், தார்ப்பாய்க்கு அடியில், இன்ஜின் அறைப் படிக்குப் பின்னால் என்று தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தார்.

கேப்டன் என்னைத் தனியாக அழைத்தார். "எனக்கு இதுல நம்பிக்கை இல்லப்பா. ஆனா இவனுங்க பயந்துக்கிட்டே வேலை செஞ்சா யாராவது கையைக் காலை ஒடிச்சுக்குவான். சாயங்காலம்தான் கிளம்புறோம். அதுக்குள்ள பூனை வந்தா நீயும் வா. இல்லைன்னா செராங்கு வேலையை உன் மாமா பழகிக்கட்டும்."

என் பையைத் தூக்கிக்கொண்டு மாமாவே படி இறங்கி வந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான்தான் அவரைத் தேற்றினேன்.

சாயங்காலம் நெருங்கும்வரை கரையெல்லாம் பூனையைத் தேடினேன், கிடைக்கவில்லை. துறைமுகக் கதவுக்கு வெளியே, சலவைக் கடைக்கு மேல்மாடியில் அக்கா வீடு. மனசு விட்டு அழ எனக்கு வேறு இடம் எது? கதவைத் தட்டினேன். பாதி திறந்தாள்.

"உன் வாடகை ரூமுக்குப் போகலையா?" என்றாள்.

அந்த நேரத்தில் நான் கப்பலில் இருக்க வேண்டியவன். ஏன் இங்கே நிற்கிறாய் என்று அவள் கேட்கவே இல்லை. அது மண்டையில் ஏறுவதற்குள் குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. கரகரவென்று, கடன்காரனை விரட்டுவதுபோல் ஒரு கத்தல். அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். பதினாலு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் பால்.

"நேத்து லீவுல வந்தப்போ அவர் பையில போட்டுக் கொண்டுவந்தார்" என்றாள் அக்கா. குரல் நடுங்கவில்லை. "நீ தனி ஆளுடா. உனக்கு இன்னொரு கப்பல் கிடைக்கும். அவருக்கு இதை விட்டா வேற வழியில்லை. ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

பூனையை என் துணிப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அக்கா செருப்புகூடச் சரியாக மாட்டாமல் பின்னாலேயே ஓடி வந்தாள். வழியெல்லாம் கெஞ்சினாள். அவர் பெயரைச் சொன்னால் எந்தக் கப்பலும் அவரை ஏற்றாது, குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்றாள். நான் அவளுக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுத்தேன். மாமா பெயர் என் வாயிலிருந்து வராது. தெருவில் கிடைத்தது என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்கிறேன் என்றேன். துரோகம் செய்தவர்களுக்கு நானே பொய் தயாரித்துக் கொடுத்தேன் பாருங்கள், என்னை என்ன சொல்ல?

கப்பலடியில் நின்று பையைத் திறந்து காட்டினேன். மேலே ஒரே ஆரவாரம். "பதினாலு வந்துடுச்சு!" என்று சமையல்காரர் குதித்தார். மாமா மட்டும் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் பாதிப் படி இறங்கி வந்தார்.

"எங்கேப்பா கிடைச்சது?"

"தெருவுல..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா முந்திக்கொண்டாள். "மன்னிச்சுடுங்க ஐயா. தம்பிக்கு அந்தப் பூனைமேல ரொம்பப் பிரியம். நேத்து எங்க வீட்டுல கொண்டுவந்து விட்டுட்டான். இப்படி ஆகும்னு அவனுக்குத் தெரியாது. விளையாட்டுப் புத்தி."

எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பாசமாகச் சொன்னாள்! எனக்காகப் பரிந்து பேசுவதுபோல் இருந்தது.

"பொய்!" என்று கத்தினேன். "பொய் சொல்றா! பூனையைக் கொண்டுபோனது..." அவளுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அதையும் மீறி, "மாமாதான்!" என்று சொல்லிவிட்டேன். யார் காதிலும் ஏறவில்லை.

"கூடப் பிறந்தவளே சொல்றா, அப்புறம் என்னடா?" என்றார் சமையல்காரர். காலையில் என் தோளைப் பிடித்து வருத்தப்பட்டவர் அவர்தான். இப்போது முகத்தில் அருவருப்பு. கப்பல் பூனையைக் கரைக்குக் கடத்துகிறவன் அத்தனை பேர் உயிரையும் தண்ணீரில் போடுகிறவன். எங்கள் ஆட்களிடம் அதற்கு மன்னிப்பே கிடையாது. இதோடு இந்தத் துறைமுகத்தில் ஒருவனும் என்னோடு கப்பல் ஏறமாட்டான்.

கேப்டன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினாரா இல்லையா தெரியவில்லை. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களை வைத்துத்தான் அவர் கப்பல் ஓட்ட வேண்டும்.

"மேலே பன்னிரண்டு பேர் இருக்காங்க" என்றார். "பூனையை ஏத்தினா பதிமூணு ஆயிடும். நீயும் பூனையும் இங்கேயே இருங்க."

படியை மேலே இழுத்தார்கள். மாமாதான் முதல் ஆளாகக் கை போட்டார்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. அக்கா என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். சின்ன வயதில் என் புத்தகப் பையை அப்படித்தான் வாங்கிக்கொள்வாள்.

"வாடா, சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

"உன் புருஷன் சொல்லிக்குடுத்ததை நல்லா ஒப்பிச்சே" என்றேன். "அந்த ஆளை நான் அப்பா ஸ்தானத்துல வச்சிருந்தேன்."

"அவரைத் திட்டாதே" என்றாள் சட்டென்று. "பூனையைக் கொண்டுவாங்கன்னு சொன்னதே நான்தான். மாட்டேன்னு அழுதார்டா. அவருக்கு இதெல்லாம் தோணவே தோணாது. ஒருநாள் சாப்பிடும்போது நீதான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சே, பூனை வரலைன்னா கடைசியா சேர்ந்தவன்தான் இறங்கணும்னு. எனக்கு அது ஞாபகம் இருந்துச்சு."

என் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.