நான்காவது வரி

பஞ்சால் அவர் மனைவியின் தோளைத் துடைத்து, ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டாள். தினமும் சாப்பிடுகிற மாத்திரை, மருந்து ஏதாவது உண்டா என்று. மனைவி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேனே."

வீட்டில் எந்த விண்ணப்பம் வந்தாலும் அவர்தான் நிரப்புவார். மற்றவர்கள் பேனாவைத் தொட்டால் அவருக்குப் பொறுக்காது. காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தெட்டு வருட வேலை. நோயை மறைத்துப் பாலிசி எடுத்தவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடிக்கிற பிரிவு. ஆபீஸில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி சந்தோஷப்பட்டுக்கொள்வார். மூத்த மகள் இருக்கும் வெளிநாட்டுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். நேற்று சாயந்திரம் சாப்பாட்டு மேஜையில் அதற்கான மூன்று படிவங்களையும் பரப்பி, தனக்கு, மனைவிக்கு, கல்லூரி படிக்கும் சின்ன மகளுக்கு என்று பன்னிரண்டு கேள்விக்கும் 'இல்லை' கட்டத்தில் மேலிருந்து கீழாக வரிசையாக டிக் போட்டார். மூன்று படிவமும் சேர்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மனைவி அடுப்படியில் இருந்தாள். "இங்க ஒரு கையெழுத்து" என்று கூப்பிட்டார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் விரல் காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

நர்ஸ் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா சொல்லட்டும் சார்" என்றாள்.

"வாரத்துக்கு ஒரு நாள் போடறேன்" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை. முடக்குவாதத்துக்கு. ரெண்டு வருஷமா."

மாத்திரையின் பெயரையும் சொன்னாள், அளவையும் சொன்னாள். நாக்குச் சுளுக்கிக்கொள்கிற மாதிரி ஒரு நீளமான பெயர். அவள் ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னாள். நர்ஸின் கை அந்தரத்திலேயே நின்றது. ஊசியை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடக்குவாதமா? யாருக்கு? அவளுக்குக் காலையில் கை வலிக்கும், அது தெரியும். பாட்டில் மூடியைத் திறக்கச் சொல்லி நீட்டுவாள், திறந்து கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏதோ மாத்திரை போடுவாள், சத்து மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்தார். யார் சொன்னார்கள் சத்து மாத்திரை என்று? யாரும் சொல்லவில்லை, அவராகவே வைத்துக்கொண்டது.

டாக்டர் இளம் வயசுப் பெண். படிவத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினாள். இந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி, வீரியத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. நல்ல உடம்பு அதைச் சமாளித்துவிடும். அம்மா சாப்பிடுகிற மாத்திரையோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப் போடுகிற மாத்திரை. போட்டிருந்தால் ஊசியே நோயாக மாறியிருக்கலாம்.

"நல்லா இருக்கறவங்களுக்குத்தான் இந்த ஊசி சார். இவங்களுக்கு உயிருக்கே ஆபத்தா முடிஞ்சிருக்கலாம்" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதன் மனைவியின் கையைப் பிடிப்பான் என்று நீங்களும் நானும் நினைப்போம். இருபத்தெட்டு வருடப் பழக்கம் அவரை அப்படி விடவில்லை. ஆபீஸில் எதிரே உட்காரும் ஆட்களிடம் கேட்கிற அதே குரல் தானாக வந்தது.

"எப்ப இருந்து மறைச்சே?"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மறைக்கலைங்க. சொன்னேன். நீங்க 'ம்'னீங்க."

சின்ன மகள் சுவரோரம் நாற்காலியில், ஊசி போட்ட இடத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நானும் இருந்தேன்பா" என்றாள். "நீங்க யாரோ ஒருத்தர் ஃபைல் பார்த்துட்டு இருந்தீங்க."

"படிவத்துல இல்லைன்னு போட்டா கையெழுத்துப் போடுவியா? படிக்க மாட்டியா?"

"நீங்க எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி.

டாக்டர் பழைய மருத்துவக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். மனைவி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தாள். ரத்தப் பரிசோதனைகள், சீட்டுகள், தேதிவாரியாக. டாக்டர் புரட்டிக்கொண்டே வந்து ஒரு தாளில் நின்றாள். அதை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மருந்தின் பக்கவிளைவுகள் விளக்கப்பட்டன என்று தலைப்பு. நான்காவது வரி: இந்த மருந்து எடுத்துக்கொள்ளும் காலத்தில் உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி எதுவும் போடக்கூடாது. அடியில், நோயாளியின் குடும்பத்தார் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. வால் நீண்டு, கீழே இரண்டு புள்ளி வைத்து.

"இது நீங்கதானே சார்?"

அவர்தான். சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரி வாசல், கார் பானட், காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். யாரோ ஒரு விதவை புருஷனின் நெஞ்சுவலியை மறைத்துவிட்டாள் என்று மேலதிகாரியிடம் விளக்கிக்கொண்டே போட்ட கையெழுத்து. தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற கை யாருடையது என்றுகூட அன்றைக்குப் பார்க்கவில்லை.

இனி என்ன என்று கேட்டது மனைவிதான். மூத்த மகளுக்கு அடுத்த மாதம் அங்கே பிரசவம். முதல் பிரசவம். தினமும் போனில் எப்ப வர்றேம்மா என்பதுதான் முதல் கேள்வி. போட முடியாது என்று கடிதம் தரலாம், அந்த நாட்டில் ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவர்கள் இஷ்டம் என்றாள் டாக்டர். அவர்கள் விட்டாலும் அங்கே அந்தக் காய்ச்சல் இருக்கிறது, வந்தால் அம்மா உடம்பு தாங்காது. மூட்டு டாக்டரைக் கேட்காமல் தன்னால் போங்கள் என்று சொல்ல முடியாது. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கண் மட்டும் ஒரு தடவை நிறைந்து அடங்கியது.

"நீங்க போட்டுக்குங்க" என்றாள் அவரிடம். "அவகிட்ட யாராவது போய்த்தானே ஆகணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் இந்தத் தடவை படிவத்தைத் தொடவே இல்லை. முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேட்டாள். அவர் மனைவியைப் பார்த்தார். அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்றாள். பதில் சொன்னது மனைவி. முட்டை ஒத்துக்கும். குடலிறக்கத்துக்கு ஒரு ஆபரேஷன், பெரியவளுக்கு எட்டு வயசு இருக்கறப்ப. சல்ஃபா மாத்திரை போட்டா உடம்பெல்லாம் தடிக்கும். போன மார்ச்ல சர்க்கரை பார்த்தோம், எல்லையில இருந்தது, அதை இவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்.

நர்ஸ் சட்டைக் கையை ஏற்றச் சொன்னாள். அவர் அசையவில்லை. மனைவிதான் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய இரண்டு விரல் கணுக்களும் வீங்கி, தோல் மினுமினுவென்று இழுபட்டிருந்தது. பட்டனைக் கழற்றத் துளை வழியாகத் தள்ளினாள். நழுவியது. மறுபடி தள்ளினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரலின் பக்கவாட்டால் மூன்றாவது முறை தள்ளிக்கொண்டிருந்தாள்.