காமெலியாத் தோட்டத்து மண்

ஏரிக்கு இறங்கும் வழியில் இரும்புக் கதவு முளைத்திருந்தது. நேற்றுவரை அங்கே இரண்டு கல்தூண்கள்தான் நின்றன. முதுகுக்கூடை நிறைய ஓட்டல் படுக்கை விரிப்புகளோடு வந்த சவீனா, பூட்டைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். தலைமைத் தோட்டக்காரன் எவாசியோ உள்ளேயிருந்து ஓடிவந்தான். அவள் புருஷனின் தம்பி அவன்.

“அண்ணி, சத்தம் போடாதீங்க. இனிமே இந்த வழி கிடையாதாம்.”

“யாருக்கு?”

“ஊருக்கே. நீங்க துவைக்கிற சத்தமும் பேசுற பேச்சும் முதலாளியம்மாவுக்குத் தலைவலியாம். துணி துவைக்கிற இடத்துல படகு நிறுத்தப் போறாங்க. உங்களை மலைக்கு அந்தப்பக்கம் ஓடைக்குப் போகச் சொல்றார்.”

“பனி உருகி வர்ற தண்ணி அது. உன் முதலாளி அதுல கைய விட்டுப் பார்த்தாரா? விரல் மிச்சமிருந்தா வந்து பேசச் சொல்லு.”

சவீனாவின் புருஷன் பிரான்சு பக்கம் ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டப் போனவன். பணம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் மக்காச்சோளக் களி கிண்டுவது ஓட்டல் துணி துவைத்து வரும் கூலியில்தான். பாதி வருஷம் உறைந்து கிடக்கும் ஓடையை நம்பினால் அந்தத் துணி அடுத்த ஊர்க்காரிகளிடம் போய்விடும்.

கதவுக்குப் பின்னால் நின்ற அந்த வீட்டின் கதை ஊரில் தெரியாதவர் இல்லை. மஜோரே ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த மொட்டைப் பாறையில் கிழட்டுப் பிரபு மஞ்சள் வீடு கட்டினார். தோட்டமும் வேண்டுமென்றார். வைத்த செடியெல்லாம் கருகின. பாறையில் எது வேர்விடும்? பிறகு ஊர்ப்பொதுவான கஷ்கொட்டைக் காட்டிலிருந்து இலை மக்கிய கறுப்பு மண்ணைப் பெண்கள் சுமந்து வந்தார்கள். அடுக்கடுக்காகக் கல்சுவர் எழுப்பி, ஒவ்வோர் அடுக்கையும் முதுகால் நிரப்பினார்கள். கூடை தூக்க ஆரம்பித்தபோது சவீனா பெரியவளாகக்கூட ஆகியிருக்கவில்லை. அவள் அம்மா படியில் சறுக்கி இடுப்பை முறித்துக்கொண்டு, சாகும்வரை நண்டுபோல் நடந்தாள். தோட்டம் இருக்கும்வரை ஏரிக்குப் போகும் வழியும் துவைக்கும் கரையும் ஊருக்குத்தான் என்று, காட்டு மண்ணுக்கு ஈடாக, பிரபு கோயில் வாசலில் வாக்குக் கொடுத்தார். அவர் செத்தார். மகன்கள் சூதாடித் தோற்றார்கள். மிலானில் பட்டு நெசவாலை நடத்தும் பெல்கிராசி வீட்டை வாங்கினார்.

அந்தப் பெல்கிராசிதான் இப்போது விருந்தாளிகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். “வெறும் பாறைங்க இது. பிரபுவோட ரசனை இதைச் சொர்க்கமாக்கிடுச்சு.”

சவீனாவின் பின்னால் துணிக்கூடையோடு வந்து நின்ற பீனா வாயை அடக்கவில்லை. “ரசனையை எந்தக் கூடையில சுமந்தாராம்?”

சவீனா பிரபுவின் வாக்கைச் சொன்னாள். பெல்கிராசி பொறுமையாகத்தான் கேட்டார். “பத்திரத்துல வழின்னு ஒண்ணும் இல்லையேம்மா. வீடு, தோட்டம், மரம், எல்லாம் என் பேர்ல இருக்கு.”

“மண்ணு?”

“என்ன மண்ணு?”

“நாங்க கொண்டுவந்து கொட்டின மண்ணு. அதுவும் உங்க பேர்லயா?”

அவர் சிரித்தார். விருந்தாளிகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் சவீனா ஒருவேளை ஓடைக்கே போயிருப்பாள்.

மறுநாள் காலை, உதிர்ந்த பூப் பொறுக்கும் கூலிப் பெண்கள் வழக்கம்போலக் கூடைகளோடு சமையல்கட்டு வழியாக உள்ளே போனார்கள். சவீனாவும் அவர்களோடு போனாள். காமெலியாப் பூக்கள் சிவந்து வெடித்துக் கிடந்த மேலடுக்கு மண்ணில் முதல் வெட்டு அவளுடையது. கூடை நிறைந்ததும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பாமல், காப்பி குடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகளின் நடுவே புகுந்து முன்வாசல் வழியாக வெளியேறினாள்.

“வழி விடுங்க சாமி,” என்றாள் பீனா. “தோட்டம் வீட்டுக்குப் போகுது.”

பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்ட, கோயில் வாசலில் மண் குவிந்தது. பெல்கிராசி தொண்டை கிழியக் கத்தினார். “திருட்டு! போலீசைக் கூப்பிடுறேன்!”

“கூப்பிடுங்க. ஜெயில்ல போட்டா அங்கயும் துணிதான துவைக்கச் சொல்லப்போறாங்க?” என்றாள் பீனா.

தடுக்கச் சொல்லிப் படகுக்காரர்களை ஏவினார். அவர்கள் இந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகள். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

சாயங்காலம் வேர்கள் கழுவிய எலும்புபோல வெளியே கிடந்தன. எவாசியோ ஈரச்சாக்கால் ஒவ்வொன்றாகப் போர்த்தினான். அவன் கண் கலங்கியிருந்தது. “செடி என்ன பாவம் பண்ணுச்சு அண்ணி?”

“எங்கம்மா இடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு?”

அவன் அடுத்த சாக்கை எடுத்து நனைத்தான்.

அடுத்த நாள் காற்று எழுந்து சாக்குகளையும் உலர்த்தியது. பெல்கிராசி சவீனாவை மட்டும் கதவருகே கூப்பிட்டு உள்ளங்கையை விரித்தார். சாவி இருந்தது.

“உனக்கு மட்டும். இந்த வீட்டுத் துணியும் வருஷம் முழுக்க உனக்குத்தான். மத்தவங்களை நிறுத்தச் சொல்லு.”

அவள் கை நகரத்தான் செய்தது. வீட்டு மாவுப்பெட்டியின் அடிப்பலகை தெரிகிறது என்பது அவளுக்குத் தெரியும். சற்றுத் தள்ளிப் பெண்கள் கூடையோடு நின்றார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பீனாகூட வேண்டுமென்றே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவீனா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். “சாவி வேணாம். என்னைக்காவது திருப்பிக் கேப்பீங்க. கதவைக் கழட்டுங்க.”

“உனக்குப் பைத்தியமா?”

“இருக்கட்டும். கழட்டுங்க.”

பெல்கிராசி எவாசியோவிடம் திரும்பினார். “படகுல வேற மண்ணு கொண்டுவந்தா?”

“கொண்டுவரலாம் முதலாளி. படகுலேருந்து மேலடுக்குக்கு யார் சுமக்கிறது? என் அண்ணியைத்தான் கேக்கணும்.”

சொல்லிவிட்டு எவாசியோ உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. சுத்தியலை எடுத்துவந்து கீல் ஆணிகளைக் கீழிருந்து தட்டினான். வேலை போகும் என்று தெரிந்தே தட்டினான். போகச் சொல்ல வேண்டிய பெல்கிராசியோ மேலடுக்கில் சுருண்டுகொண்டிருந்த இலைகளையே பார்த்து நின்றார். கடைசி ஆணி தெறித்ததும் கதவு சுவரில் உரசியபடி சாய்ந்தது.

பெண்கள் அதைத் தாண்டித் துணியோடு ஏரிக்கு இறங்கினார்கள்.

“மண்ணு?” மேலேயிருந்து பெல்கிராசியின் குரல் வந்தது. “மண்ணை எப்ப கொண்டுவருவீங்க?”

சவீனா முதல் விரிப்பைத் தண்ணீரில் முக்கி எடுத்து, கல்லில் ஓங்கி அறைந்தாள்.

“துவைச்சு முடிச்சுட்டு!”

அன்று எந்த விரிப்பையும் அவள் அவசரமாக அலசவில்லை.